வெற்றிடப் பானையைப் பற்றி நீ சொல்லாதவை

அன்புள்ள மகனுக்கு,

நம்மவர்கள் என்னை ஒன்றும் அறியாத மனுசி என்று சொல்லித் திரிகிறார்கள். போன ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது, மெற்றில்டா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் டார்னெய்ட் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண்ணுக்கு என்னை அப்படித்தான் அறிமுகம் செய்தார். "இவவின்ர மகன்தான் கராஜுக்குள்ள கஞ்சா எண்ணெய் காய்ச்சி, பக்கத்தில நிண்டு சிகரெட் பத்தி, வீட்டை எரிக்கப் பாத்தவன். இவவுக்கு ஒண்டும் தெரியாது, பாவம். படிச்ச மனுசியையே பொடியன் பேய்க்காட்டிப்போட்டான்." அந்தப் பெண் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். நான் அங்கேயே திருத்தியிருக்க வேண்டும். கோயில் வாசிப்பில் ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்தாலே திருத்துகிறவள் நான். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. ஆகவே இங்கே திருத்துகிறேன். நீ சிகரெட் பற்றவைக்கவில்லை. உன் வாழ்நாளில் நீ சிகரெட் பிடித்ததே இல்லை. கராஜுக்குள் நெருப்பைக் கொண்டுபோனவள் நான். அங்கே என்ன நடந்தது என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அந்தப் பானையே என்னுடைய பானை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உன் வழக்கறிஞர். சிட்னியில் உன்னைப் பிடிக்க முடியவில்லை என்று அந்தப் பிள்ளை இங்கே அழைத்தாள். உன் ஆசிரியர் பதிவை மீண்டும் தரலாமா என்று ஆசிரியர் சபை விசாரிக்கப்போகிறது என்றும், அவர்களுடைய மனதில் இருக்கும் பெரிய தடை அந்த எண்ணெய் அல்ல, அந்த நெருப்பு என்றும் சொன்னாள். எழுந்து நடக்க முடியாத ஒரு நோயாளி படுத்திருந்த வீட்டில், எரியக்கூடிய பொருளுக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைத்த ஒருவனிடம் பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பது என்று கேட்கிறார்களாம். "அன்றைக்கு நடந்ததைப் பற்றிச் சொல்ல வேறு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டாள். மகனோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். உன்னோடு பேசினேன். "அந்தக் கதை முடிஞ்சுது அம்மா. விடுங்கோ" என்றாய். பின்னால் பாரம் தூக்கும் வண்டியின் சத்தம் கேட்டது. விஞ்ஞானம் படிப்பித்த நீ, ஒரு குளிர்க்களஞ்சியத்தில் உறைந்த கோழிப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டு என்னை ஆறுதல்படுத்தினாய். என்னால் விட முடியவில்லை, மகன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றின் குளிர்காலத்தை நான் வரிசையாகச் சொல்கிறேன். நீ வேறு விதமாகச் சொல்லிச் சொல்லி உனக்கே அது பிசகியிருக்கலாம். அப்பாவுக்குப் புற்றுநோய் முள்ளந்தண்டுக்குப் போய்விட்டது என்று சொன்ன பிறகு, அவர் படுக்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் பட்ட பாட்டை நீயும் கண்டாய். ஆஸ்பத்திரியில் தந்த மருந்து நோவைக் குறைத்தது, ஆனால் வாய்க்குள் போனதெல்லாம் வெளியே வந்தது. கஞ்சி கூடத் தங்கவில்லை. அப்போதுதான் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்த நீ, சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னப் போத்தலை வைத்து, "அம்மா, நான் சொல்லுறதை முழுசாக் கேட்டிட்டுப் பேசுங்கோ" என்றாய். நான் கேட்டேன். அந்தச் சொல்லை இந்த வீட்டில் சொல்லக்கூடாது என்று மட்டும் சொன்னேன். கன்னியர் மடத்தில் படித்தவளுக்கு அந்தச் சொல் நாக்கில் வராது. உள்ளறையிலிருந்து அப்பா சிரித்தார். "இஞ்சேரும், கொழும்புத் துறைமுகச் சுங்கத்தில கஞ்சா மூட்டைக்குச் சீல் வைச்சே என்ர வயசு போச்சுது. இப்ப அது வீடு தேடி வந்திருக்கு. வா எண்டு சொல்லும்." பல நாட்களுக்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பு அது. சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் சம்மதித்தேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

ஆனால் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தேன். ஸ்பிரிற் மணம் அடித்தது. இலையிலிருந்து சாரத்தை இறக்குவதற்கு அதைத்தான் ஊற்றுவார்கள், பிறகு அது ஆவியாகிப் போய்விடும், கொஞ்சம் மிஞ்சும் என்று விளங்கப்படுத்தினாய். "கொஞ்சம் எண்டால்?" என்று கேட்டேன். "மணத்துக்கு மட்டும்தான் அம்மா." "மணம் இருந்தால் பொருள் இருக்கு. வயிறு புண்ணாகிக் கிடக்கிற மனுசனுக்கு இதை நான் குடுக்கமாட்டன்." அரிசியில் ஒரு கல்லைக் கண்டாலே முழுச் சுளகையும் திரும்பப் புடைக்கிறவள் நான் என்று உனக்குத் தெரியும். "நீங்கள் ஆஸ்பத்திரிக்கு இன்ஸ்பெக்டராப் போயிருக்கவேணும்" என்று முணுமுணுத்துக்கொண்டு போனாய். மறுவாரம் வந்து, காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த ஒரு பாத்திரத்துக்குள் அதை வைத்தால், அதிகம் சூடாக்காமலே மிச்ச ஸ்பிரிற்றும் வெளியேறிவிடும் என்றாய். அதற்கு ஒரு கனமான பானை வேண்டும் என்றாய். இதை யாரும் அறிய மாட்டார்கள்: அந்தப் பாத்திரம் உன் களவுப் புத்தியில் பிறந்தது அல்ல, என் மூக்கில் பிறந்தது.

நத்தார்க் கேக்குக்குப் பழம் ஊறவைக்கும் என்னுடைய பெரிய எவர்சில்வர் பானையை நானே எடுத்துத் தந்தேன். அதில் நீ துளை போடும்போது குசினிக்குள் போய் நின்றேன், பார்க்க மனமில்லை. முதலில் மூடியாகப் போட்ட பிளாஸ்ரிக் பலகை மெல்லியது. குளிரூட்டி திருத்துகிறவர் ஒருவரிடம் வாங்கிய பழைய பம்பைப் போட்டதும் அது உள்ளே குழிந்து, வெடித்த சத்தத்துக்கு அப்பா அறையிலிருந்து, "ஆரடா சுடுறது? இஞ்சயும் வந்திட்டாங்களோ?" என்று கத்தினார். நாங்கள் இரண்டு பேரும் கராஜ் நிலத்தில் இருந்து சிரித்தோம். பிறகு தடித்த பலகை தேடி வாங்கி வந்தாய். காற்றுக் கசிந்தது. றப்பர் வளையத்தை மாற்றினாய், அப்போதும் கசிந்தது. பானையின் விளிம்பு மட்டமாக இல்லை என்று கண்டுபிடித்து, ஒரு சனிக்கிழமை முழுதும் அதைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்தாய். அப்பாவைச் சக்கரக் கதிரையில் இருத்தி, கம்பளிக் குல்லாவும் போட்டு, வாசலில் கொண்டுவந்து விட்டிருந்தேன். "விஞ்ஞான வாத்தியார் பானை மினுக்கிறார். சம்பளம் கூட்டிக் குடுக்கச் சொல்லவேணும்" என்று அவர் உன்னைச் சீண்டினார். நீயும் அவரும் அவ்வளவு நேரம் ஒன்றாக இருந்தது எனக்கு நினைவில் இல்லை. நீ எந்திரவியல் படிக்கவில்லை என்ற கோபத்தை அவர் அந்த வாசலில்தான் விட்டார் என்று நினைக்கிறேன். அவர் அதை வாயால் சொல்லியிருக்க மாட்டார்.

மூடிக்கு மேலால் பார்த்தால், உள்ளே அந்தத் தடித்த பழுப்புப் பொருள் அப்ப மா பொங்குவதுபோல் நுரைத்து எழும்பும், பிறகு தாழும். திரும்ப எழும்பும். அது அசையாமல் கிடக்கும் வரைக்கும் விடுவாய். பிறகு மூடியைத் திறந்து என்னிடம் நீட்டுவாய். "இன்னும் இருக்கு" என்பேன். "ஐயோ அம்மா!" என்று திரும்ப மூடுவாய். நான் "இப்ப இல்லை" என்று சொன்ன அன்றுதான் அப்பாவுக்குக் கொடுத்தோம். கொடுத்தவள் நான். மசித்த வாழைப்பழத்துக்குள் வைத்து, என் கையால், ஒவ்வொரு நாளும் நான்தான் கொடுத்தேன். நீ கொடுத்ததாகப் பொலிஸ் அறிக்கையில் இருக்கிறது. அதுவும் பிழை.

அது அவரைச் சுகப்படுத்தியது என்று நான் எழுதமாட்டேன். அப்படிச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நோய் தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவர் கதிரையில் இருந்தார். மீன் சொதியும் இடியப்பமும் கேட்டார், கேட்டதைத் தின்றார். கடதாசி விளையாட்டில் என்னை ஏமாற்றினார். நான் பிடித்தபோது, "வருத்தக்காரனோட சட்டம் கதைக்காதையும்" என்றார். எங்களுடைய கலியாண வாழ்க்கையில் மிக நல்ல காலம் எது என்று கேட்டால், அந்த இரண்டு மாதமும்தான் என்று சொல்வேன். கேட்கிறவர்களுக்கு அது விளங்காது.

இனி அந்த வெள்ளிக்கிழமை. செபமாலைக் குழு அந்த மாதம் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. நோயாளி இருக்கும் வீடு என்று மெற்றில்டா அக்கா தானே ஒழுங்கு செய்திருந்தார், நான் மறுக்கவில்லை. நீ பள்ளிக்கூடத்தால் நேரத்தோடு வந்து, ஸ்பிரிற்றில் ஊறவைத்ததைக் கராஜ் மேசையில் ஒரு தட்டத்தில் வடித்து வைத்துவிட்டு, அப்பாவைக் குளிப்பாட்டப் போனாய். கராஜிலிருந்து நடைபாதைக்கு அந்த இலை மணம் வந்துகொண்டிருந்தது. சனம் வரப்போகிறது. அந்த மணத்தை மெற்றில்டா அக்கா மணந்தால் என்ன நினைப்பார் என்பதைத் தவிர அந்த நேரத்தில் என் தலையில் வேறு எதுவும் இல்லை. வீட்டில் ஆட்கள் வருமுன் எப்போதும் செய்வதுபோல், தூபக்காலில் கரியைத் தணலாக்கி, சாம்பிராணி போட்டேன். விறாந்தை, சாப்பாட்டறை, அப்பாவின் அறை வாசல் எல்லாம் காட்டினேன். பிறகு கராஜ் கதவைத் திறந்து உள்ளே போனேன்.

நீ எனக்குச் சொல்லியிருந்தாய். "அம்மா, இதுக்குள்ள நெருப்பு மட்டும் கொண்டுவரக்கூடாது, நெருப்புக்குச்சி கூட." நான் ஓம் என்றிருந்தேன். நெருப்புக்குச்சியைக் கொண்டுபோகவும் இல்லை. ஆனால் சாம்பிராணியை நான் ஒருநாளும் நெருப்பு என்று நினைத்ததில்லை. பிறந்த வீட்டிலும் மடத்திலும் கோயிலிலும், அது புகை, மணம், ஆராதனை. என் கையில் இருந்தது தணல் என்பது, மேசைக்கு மேலால் நீலமாக ஒரு துணி விரிந்ததுபோல் எழும்பியபோதுதான் விளங்கியது. நீ ஓடிவந்து என்னை இழுத்தாய். என் மணிக்கட்டில் கொஞ்சம் பட்டது. உன் முன்கை முழுதும் பட்டது. அந்தக் கையாலேயே அப்பாவைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு முன் புல்வெளிக்கு வந்தாய். தீயணைப்பு வண்டி வந்து நிற்கும்போது, செபமாலையும் கையுமாகச் சனமும் வந்து நின்றது.

பிறகு நடந்ததைத்தான் நான் யாருக்கும் சொல்லவில்லை. பொலிசில் வந்தவள் இளம் பெண், மரியாதையானவள். நீ அவளிடம் போய், எண்ணெயும் உன்னுடையது, பானையும் உன்னுடையது, சிகரெட் பற்றவைத்தது நீ, அம்மா பின்வளவில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தார் என்றாய். "அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்கு ஆங்கிலம் விளங்காது." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். குனிந்து, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல், ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டாள். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். அயர்லாந்திலிருந்து வந்த கன்னியரிடம் இலக்கணம் படித்தவள். இந்த நாட்டுக்கு வந்து உன் பள்ளிக் கட்டுரை ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் திருத்தியவள். நான் தலையைக் குனிந்து, இல்லை என்று ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன முழுப் பொய் அது ஒன்றுதான், அதையும் வாயால் சொல்லவில்லை.

நீ எட்டு வயதில் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவரின் தக்காளிப் பந்தலைப் பந்தடித்து உடைத்தது உனக்கு நினைவிருக்கும். ஒருவரும் காணவில்லை. நான் உன்னை அவர் படலைக்குக் கூட்டிக்கொண்டு போய், "எந்தப் பந்தல், ஆர் உடைச்சது, எப்ப. முழு வசனமாச் சொல்லு" என்றேன். நீ அழுதுகொண்டு சொன்னாய். வினைச்சொல்லில் பிழை விட்டாய், அதையும் படலையடியிலேயே திருத்தினேன். கிழவர் என்னைத்தான் கோபமாகப் பார்த்தார், உனக்கு ஒரு தக்காளி தந்தார். அந்த அம்மாதான் புல்வெளியில் தலை குனிந்து நின்றவள். அன்று உன்னைப் படலைக்குக் கூட்டிப்போனது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அப்படியென்றால் மற்றது என்ன என்று நீ கேட்கலாம். கேட்க உனக்கு உரிமை உண்டு.

அன்று இரவே ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், கைக்குக் கட்டுப் போட்டபடி நீ எனக்குச் சொன்னாய்: "ரெண்டு பேரும் அகப்பட்டால் அப்பாவை ஆர் பாக்கிறது? அவர் போகும் மட்டும் நீங்கள் பக்கத்தில இருக்கவேணும். வாயைத் திறக்காதேங்கோ." அது நியாயமாக இருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். வீட்டில் வைத்திருக்க முடியாது என்று அவரை ஆஸ்பத்திரி வாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள், நோவைத் தீர்க்க அவர்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள், அது அவரை எங்கேயோ தூரத்துக்குக் கொண்டுபோனது. ஒருநாள் மாலை நான் அவருடைய உதட்டை நனைத்தபோது கண்ணைத் திறந்து, மிகவும் மரியாதையாக, ஆங்கிலத்தில், "நேர்ஸ், என் மனைவி வந்துவிட்டாவா?" என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறார் என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். "அவ தாமதிக்கிற ஆள் இல்லை" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. பானையைப் பொலிஸ் கொண்டுபோயிருக்காவிட்டால் அவர் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் போயிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. அதைத் தெரியாமலே நான் இருக்க வேண்டும்.

அடக்கம் முடிந்த பிறகு வாயைத் திறக்காமல் இருக்க எனக்கு எந்த நியாயமும் இல்லை. அப்பா இல்லை, பார்க்க ஆளும் இல்லை. ஆனாலும் நீதிமன்றத்தில் பின் வரிசையில் இருந்தேன். நீதிபதி உன்னைச் சிறைக்கு அனுப்பவில்லை. நன்னடத்தைப் பிணையில் விட்டார், ஆனால் நோயாளித் தகப்பனின் உயிரையும் வயோதிபத் தாயின் உயிரையும் பொருட்படுத்தாதவன் என்று சொன்னார். உன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது அசையவில்லை. எழும்பிச் சொல்லாததற்கு உன் கட்டளை பாதிக் காரணம். மற்றப் பாதி, எனக்குப் பின்னால் மெற்றில்டா அக்காவும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்கள் முன்னிலையில், சொன்ன பேச்சுக் கேளாமல் தணலைத் தூக்கிக்கொண்டு போன புத்தியில்லாத கிழவியாக என்னால் ஆக முடியவில்லை. ஒன்றும் அறியாதவள் என்ற பெயர் எனக்கு அவமானம்தான், மகன். ஆனால் மற்றதைவிடச் சிறிய அவமானம். சிறியதைத் தெரிந்தெடுத்தேன். அதற்கான விலையை நீ கொடுத்தாய், கொடுத்துக்கொண்டிருக்கிறாய்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இன்னும் தகுதி இருக்கிறதோ தெரியவில்லை, ஆனாலும் பழக்கம் விடவில்லை. ஒருவரைக் காப்பாற்ற நினைத்தால் அவரைக் கேட்டுவிட்டுக் காப்பாற்று. நீ அன்றைக்கு என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேனா என்பது வேறு விசயம். நீ உன் பொய்யை எனக்கு ஒரு வீடுபோல் கட்டித் தந்துவிட்டுச் சிட்னிக்குப் போய்விட்டாய். நான் அதற்குள் தனியாக இருக்கிறேன். உன்னை மாப்பிள்ளை கேட்டு வந்தவர்கள் அந்தத் தீர்ப்பைக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போனபோதும் நீ சிரித்தாய். உனக்கு வகுப்பறை வேண்டும். நீ பிள்ளைகளுக்கு நடுவில் நின்று பேசும்போது உன் குரல் வேறாக இருக்கும், வெளியில் நின்று கேட்டிருக்கிறேன். அந்தக் குரலை நான் கேட்டு மூன்று வருடம் ஆகப்போகிறது.

ஆகவே சபைக்கு முன்னால் போய் நான் பேச விரும்புகிறேன். துபாசி வேண்டாம். அங்கே என்ன கேட்டாலும் என் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். பானை யாருடையது, மருந்தைக் கொடுத்தது யார், நெருப்பைக் கொண்டுபோனது யார், பொலிஸ்காரிக்குத் தலையாட்டியது யார், எல்லாவற்றையும். இதனால் எனக்கு என்ன வரும் என்று உன் வழக்கறிஞரைக் கேட்டேன், யாரோ ஒரு தாயைப் பற்றிக் கேட்பதுபோல். தண்டனை வரலாம், வராமலும் விடலாம் என்றாள். அது எனக்குப் பயமில்லை. கோயிலில் என்ன கதைப்பார்கள் என்பது பயம்தான், ஆனால் அதோடு இருக்கப் பழகலாம். என்னைத் தடுப்பது ஒன்றே ஒன்று. நான் உண்மையைச் சொன்னால் நீ பொலிசுக்குப் பொய் சொன்னவன் ஆகிறாய். அது உன் பதிவுக்கு உதவுமா, இருப்பதையும் கெடுக்குமா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஒருமுறை உன் எச்சரிக்கையைக் கேளாமல் ஒரு கதவைத் திறந்தேன். இந்தக் கதவை நீ சொல்லாமல் திறக்கமாட்டேன்.

இந்தக் கடிதத்தை நீ உன் வழக்கறிஞருக்குக் காட்டலாம். சபைக்குக் காட்டலாம். நீ சம்மதித்தால் மெற்றில்டா அக்காவுக்கு நானே வாசித்துக் காட்டுவேன். கிழித்துப் போடவும் உனக்கு உரிமை உண்டு. ஆனால் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க உரிமை இல்லை. நான் பேசலாமா, பேசக்கூடாதா? யோசித்து, ஏன் என்பதையும் சேர்த்து, உன் கையால் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு.

அம்மா